புதுப்பித்த டர்போ யந்திரத்தைப் பழக்கும் முறை

பெங்களூரு நகரின் வடமேற்கே, துமகூரு சாலையை ஒட்டிப் பீன்யா தொழிற்பேட்டை அமைந்துள்ளது. இந்தியாவின் முதல் செயற்கைக் கோளான ஆரியபட்டா இப்பேட்டையின் எளிய தொழிற்கொட்டகைகளில்தான் உருவாயிற்று. 1975-ஆம் ஆண்டு ஏப்ரல் 19 அன்று அது விண்ணில் செலுத்தப்பெற்றது. இன்று இங்கு ஆயிரக்கணக்கான சிறு தொழிற்கூடங்கள் இயங்குகின்றன. கடைசல், துளையிடல், சாணை பிடித்தல் முதலிய நுண்ணிய வேலைகளே அவற்றுள் பலவற்றின் ஜீவனம். மில்லிமீட்டரை நூறாகப் பகுத்து, அதில் ஒரு பங்கு தவறினாலும் பொருளைத் திருப்பியனுப்பும் வழக்கம் இவ்விடத்தது.

தேய்ந்துபோன மோட்டார் யந்திரம் ஒன்று இத்தகைய பட்டறைக்கு வந்து, சிலிண்டர்கள் மீண்டும் துளையிடப்பெற்று, புதிய பிஸ்டன்களும் வளையங்களும் பேரிங்குகளும் பொருத்தப்பெற்று வெளியேறுகிறது என்று கொள்வோம். பட்டறைக்காரர் தம் வேலை முடிந்தது என்பார். உண்மையில் வேலையின் கடைசிப் பகுதி இனிமேல்தான் தொடங்குகிறது; அதைச் செய்பவர் வண்டியை ஓட்டுபவர். சிலிண்டரின் சுவரும் பிஸ்டன் வளையமும் ஒன்றையொன்று தேய்த்துத் தமக்குள் பொருத்தம் காண்பது ஓட்டத்தில் மட்டுமே நிகழும். எந்தச் சாணையும் அதைச் செய்து தர இயலாது. புதுக் காளையை ஏருக்குப் பழக்குவது போன்ற இக்காலத்தை ‘யந்திரத்தைப் பழக்கும் காலம்’ எனலாம். பட்டறைகளில் இதனை ‘ரன்னிங் இன்’ என்பர்.

இதில் நேரும் பிழைகளின் சுமை சிறிதன்று. வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவர் பலர் கடன் வாங்கியே யந்திரத்தைப் புதுப்பிக்கின்றனர். முதல் நாளிலேயே வளையங்கள் சரியாகப் படியாமற் போனால், அதே யந்திரத்தை மீண்டும் பிரிப்பதன்றி வேறு வழியில்லை. அரசு அலுவலகங்களின் ஜீப்புகளுக்கும் இது பொருந்தும். இக்காலத்து ஜீப்புகள் பெரும்பாலும் டர்போ பொருத்திய டீசல் வண்டிகளே ஆதலின், களப்பணியாளரும் இதன் அடிப்படைகளை அறிந்திருத்தல் நலம்.

டர்போ என்பது யாது?

யந்திரத்திலிருந்து வெளியேறும் கழிவு வாயு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையிலுள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை உறிஞ்சி, அழுத்தி, சிலிண்டருக்குள் தள்ளுகிறது. காற்று மிகுமானால் மிகுதியான எரிபொருளை எரிக்கலாம். சிறிய யந்திரமே பெரிய யந்திரத்தின் சக்தியைத் தரும். சுவிட்சர்லாந்தின் ஆல்பிரட் பூக்கி என்னும் பொறியியலார் 1905-ஆம் ஆண்டு இக்கருத்துக்குக் காப்புரிமை பெற்றார். கார்களில் இது 1962-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 1978-இல் மெர்சிடிஸ் நிறுவனத்தின் டீசல் கார் ஒன்றில் இடம்பெற்ற பின்னரே டீசல் கார்களில் பரவலாயிற்று. நம் நாட்டில், பெங்களூருக்கு அருகிலுள்ள பிடதியில் 2005 முதல் தயாரான இன்னோவாவும், 2007-இல் வந்த ஸ்விஃப்ட் டீசலும் இதனை வாடகைக் கார் நிலையங்கள் வரை கொண்டு சேர்த்தன. அவ்வகை வண்டிகள் பல லட்சம் கிலோமீட்டர் ஓடி, இப்பொழுது புதுப்பிப்புக்கு வருகின்றன.

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ளது. அங்குக் காற்றின் அழுத்தம் சென்னையைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவு. அதே அளவு காற்றைச் சிலிண்டருக்கு அனுப்ப டர்போ அங்குச் சற்று அதிக வேகமாகச் சுழல வேண்டியிருக்கிறது. சிறிய கார்களின் டர்போ உச்ச நிலையில் நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுகள் வரை செல்லும். அத்தண்டு பெரும்பாலும் குண்டு பேரிங்கில் சுழல்வதன்று; மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மீது மிதந்தபடி சுழல்வது. சில விநாடிகள் எண்ணெய் கிடைக்காவிடினும் உலோகம் உலோகத்தோடு உரசிவிடும்.

ஆகவே புதுப்பித்த டர்போ யந்திரத்தில் இரு தேவைகள் எதிரெதிரே நிற்கின்றன. பிஸ்டன் வளையம் தாமதமின்றிச் சுமையை வேண்டுகிறது. டர்போவோ முதலில் எண்ணெயையும் பொறுமையையும் வேண்டுகிறது. பழக்கும் முறை முழுவதும் இவ்விரண்டையும் வரிசைப்படுத்துவதிலேயே அடங்கியுள்ளது.

வளையமும் சுவரும்

புதிதாகத் துளையிட்ட சிலிண்டரின் உட்சுவர் கண்ணாடிபோல் வழவழப்பாக இருத்தல் வேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். இது தவறு. துளையிட்டபின் ‘ஹோனிங்’ என்னும் முறையில், சுழன்றுகொண்டே மேலும் கீழும் செல்லும் உராய்கற்களால் சுவரில் குறுக்கும் நெடுக்குமாக நுண்கோடுகள் இடப்பெறுகின்றன. பாய் முடைந்தாற்போல் தோன்றும் இக்கோடுகளின் பள்ளங்களில் எண்ணெய் தங்கும். மேடுகள் புதிய வளையத்தை அரம்போல் தேய்த்துச் சரிப்படுத்தும். மேடுகளின் உயரம் சில மைக்ரான் மட்டுமே, அதாவது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்கு. நல்ல பட்டறைகளில், முரட்டுக் கல்லால் கோடிட்ட பின் மென்மையான கல்லால் மேடுகளின் நுனியை மட்டும் தட்டையாக்குவர். இதனால் பழக்கும் காலம் பெரிதும் குறைகிறது.

வளையம் சுவரோடு ஒட்டுவது தன் வில் விசையால் மட்டும் என்று கருதுதல் கூடாது. அவ்விசை சிறிதே. எரியும் வாயு பிஸ்டனின் காடிக்குள் புகுந்து, வளையத்தைப் பின்னாலிருந்து வெளியே தள்ளுகிறது. வளையத்தைச் சுவரோடு உண்மையில் அழுத்துவது இதுவே. டர்போ டீசல் யந்திரத்தில், முழுச்சுமையில், இவ்வாயுவின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் 100 மடங்குக்கும் மேற்படும். வண்டி நின்றபடி யந்திரம் சும்மா ஓடும்போதோ அதில் ஒரு பகுதியே கிடைக்கும்.

இதிலிருந்து பெறப்படுவது யாதெனில், புதுப்பித்த யந்திரத்தைச் சும்மா ஓடவிடுதல் அதற்குச் செய்யும் பெருந்தீங்கு. அழுத்தம் போதாமையால் வளையம் சுவரைத் தேய்ப்பதில்லை. எண்ணெய் வளையத்தைத் தாண்டி மேலேறி, அங்குள்ள வெப்பத்தில் கருகி, அரக்குப் பூசினாற்போல் சுவரின் நுண்பள்ளங்களை மூடிவிடுகிறது. பின்பு சுவர் மெய்யாகவே கண்ணாடிபோல் ஆகிவிடும். அதன்மேல் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினும் வளையம் படிவதில்லை. வண்டி நீலப்புகை விடும், எண்ணெயைக் குடிக்கும். இதற்குப் புட்டியில் விற்கும் மருந்து எதுவும் பயன் தராது. யந்திரத்தைப் பிரித்து, மீண்டும் ஹோனிங் செய்து, வளையங்களை மாற்றுவதே பரிகாரம்.

யந்திரம் ‘இறுக்கம் விடட்டும்’ என்று அரை நாள் பட்டறை வாசலில் சும்மா ஓடவிடும் பழக்கம் சில இடங்களில் இன்னும் நீங்கவில்லை. முற்காலத்தில் புதிய காரின் பின்கண்ணாடியில், ‘யந்திரம் பழக்கப்படுகிறது, தாண்டிச் செல்க’ என்னும் பொருள்பட ஒரு சீட்டு ஒட்டியிருப்பர். வண்டி பல நூறு மைல் ஆமை வேகத்தில் ஊர்ந்து செல்லும். அன்றைய சிலிண்டர்களின் முரட்டுத்தன்மைக்கு அது தேவையாயிருந்திருக்கலாம். இன்றைய யந்திரத்துக்கு அதே உபசாரத்தைச் செய்வது நன்மையினும் தீமையே பயக்கும்.

இங்கே வேறொரு செய்தியும் கூறத்தக்கது. ஹோனிங் முடிந்த சிலிண்டரில் உராய்கல்லின் நுண்துகள்கள் கோடுகளுக்குள் சிக்கி நிற்கும். மண்ணெண்ணெயோ பெட்ரோலோ ஊற்றிக் கழுவினால் அவை போவதில்லை. இன்னும் ஆழமாகப் போய் அமர்கின்றன. சோப்பு கலந்த வெந்நீரும் முரட்டுத் தூரிகையும் கொண்டு தேய்த்தல் வேண்டும். பின்னர்ச் சுத்தமான எண்ணெயில் நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். துணியில் சாம்பல் நிறம் படியுமானால் மீண்டும் கழுவுக. துணி வெள்ளையாகவே திரும்பும் வரையில் யந்திரத்தைப் பூட்டலாகாது. இதற்கு ஆகும் செலவு சிறிது சோப்பும் அரை மணி நேரமுமே. ஆயினும் இதில் காட்டும் அசட்டையால் கெட்ட யந்திரங்கள் பல.

வளையத்தின் இரு முனைகளுக்கும் இடையேயுள்ள இடைவெளியும் அளக்கப்பட வேண்டும். பொதுவாக, 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டருக்குச் சுமார் 0.4 மி.மீ. இடைவெளி விடுவர். டர்போ யந்திரத்தில் வளையம் கூடுதலாகச் சூடேறி நீள்வதால் 0.5 மி.மீ. அல்லது சற்று மேலும் தேவைப்படலாம். இடைவெளி குறைந்தால் சூட்டில் முனைகள் ஒன்றோடொன்று முட்டி, வளையம் ஒடியும், சுவரும் கீறப்படும். இவை பொது அளவுகளே. குறித்த யந்திரத்துக்கு அதன் தயாரிப்பாளரின் கைப்புத்தகம் கூறும் அளவே இறுதியானது.

முதல் இயக்கம்

பழைய யந்திரம் எதனால் கெட்டது என்பதை அறியாமல் புதியதை இயக்குதல் கூடாது. பழைய டர்போவின் சக்கரம் உடைந்திருந்தால், அதன் துண்டுகள் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரிலும் குழாய்களிலும் கிடக்கும். புதிய யந்திரம் முதல் மூச்சிலேயே அவற்றை விழுங்கிவிடும். டர்போவுக்கு எண்ணெய் கொண்டுவரும் மெல்லிய குழாயை, கழுவிப் பயன்படுத்துவதைவிடப் புதிதாக மாற்றுவதே மேல். அதனுள் கருகிய எண்ணெய் முழுவதும் நீங்குவது அரிது. எண்ணெய் திரும்பும் குழாய் வளைவோ நசுங்கலோ இன்றிக் கீழ்நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். இணைப்புகளில் பசையை அள்ளிப் பூசும் வழக்கமும் ஆபத்தானது. உள்ளே பிதுங்கும் பசைத்துணுக்கு ஒன்று எண்ணெய் வழியை அடைக்கப் போதுமானது.

இயக்குமுன், புதிய எண்ணெய் வடிகட்டியை, அது நிமிர்ந்து பொருந்துவதாயின், எண்ணெயால் நிரப்புக. டர்போவின் எண்ணெய்த் துளையில் சுத்தமான எண்ணெயை ஊற்றி, சக்கரத்தை விரலால் மெல்லச் சுழற்றுக. பின்பு எரிபொருள் செல்லாதபடி துண்டித்துவிட்டு, ஸ்டார்ட்டரை மட்டும் பத்துப் பதினைந்து விநாடி இயக்கி, சிறிது ஓய்வு கொடுத்து, மீண்டும் இயக்க வேண்டும். எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் சிவப்பு விளக்கு அணையும் வரையிலும், டர்போவின் திரும்பும் குழாயில் எண்ணெய் வடிவது கண்ணில் படும் வரையிலும் இதைத் தொடர்தல் வேண்டும். பட்டறையில் ஆள் கூடி நின்று, ‘சத்தம் கேட்போம்’ என்று அவசரப்படும் வேளை இது. அந்த அவசரத்துக்கு இடங்கொடுத்தல் ஆகாது.

எரிபொருளை இணைத்து இயக்கியபின், அரை நிமிடம் வரை ஆக்சிலரேட்டர் மிதியைத் தொடாதிருக்க வேண்டும். சில விநாடிகளில் எண்ணெய் விளக்கு அணையவில்லையெனில் உடனே நிறுத்துக. அழுத்தம் சரியாயின், நிமிடத்துக்கு 1,500 முதல் 2,000 சுற்று வரையில் சற்று ஏற்றி இறக்கி, யந்திரம் சூடேறும் வரை ஓடவிட்டு, எண்ணெயும் நீரும் எங்கேனும் கசிகின்றனவா என்று பார்க்க வேண்டும். கசிவு இல்லையெனில் அதே மணி நேரத்திலேயே வண்டியைச் சாலைக்குக் கொண்டு செல்க. டர்போவின் தேவை நிறைவேறிவிட்டது; இனி வளையத்தின் முறை.

சாலையில்

பீன்யாவிலிருந்து நெலமங்கலம் செல்லும் துமகூரு நெடுஞ்சாலை இதற்கு ஏற்றது. காலை நெரிசலுக்கு முன் புறப்படின் இன்னும் நன்று. நகருக்குள் விளக்குக்கு விளக்கு நின்று ஊர்வது, சும்மா ஓடவிடுவதற்கு ஏறக்குறைய நிகராகும். மூன்றாவது அல்லது நான்காவது கியரில், டீசல் யந்திரமாயின் சுமார் 1,500 சுற்றிலிருந்து 2,500 வரையில், மிதியைப் பாதியிலிருந்து முக்கால் வரை அழுத்தி வேகத்தை ஏற்ற வேண்டும். பிறகு மிதியை விட்டு, கியரிலேயே வண்டி தானாக வேகம் குறைய விடவேண்டும். பின்னால் வரும் வண்டிகளைக் கவனித்து, இவ்வாறு பத்து இருபது முறை செய்யலாம். அழுத்தும்போது வளையம் சுவரில் படிகிறது; விடும்போது அது குளிர்கிறது. பெட்ரோல் யந்திரத்தில் மிதியை விடுகையில் சிலிண்டருக்குள் அழுத்தம் மிகக் குறைந்து, எண்ணெய் மேலிழுக்கப்பட்டு, தேய்ந்த துகள்களைக் கழுவுகிறது. டீசலில் இவ்விளைவு சொற்பமே.

முழு மிதியும் கூடாது. உயர் கியரில் குறைந்த சுற்றில் யந்திரத்தைத் திணறவிடுவதும் கூடாது. இரண்டாவது பிழையே அதிகம் நிகழ்வது. எரிபொருளை மிச்சப்படுத்துவதாக எண்ணி ஐந்தாவது கியரில் மேடேறும் ஓட்டுநர், புதிய பேரிங்குகளின்மீது மிகுந்த பளுவை ஏற்றுகிறார். முதல் 500 கிலோமீட்டருக்கு ஆள் நிறைய ஏற்றாமலும், ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டாமலும் இருக்க வேண்டும். அதன்பின் 1,000 அல்லது 1,500 கிலோமீட்டருக்குள் படிப்படியாக முழுச்சுமைக்குச் செல்லலாம்.

பழக்கும் காலத்தில் எந்த எண்ணெய் என்பதில் பட்டறையினர் ஒத்த கருத்தினர் அல்லர். வழுக்கல் மிகுந்த செயற்கை எண்ணெய் வளையம் படிவதைத் தாமதப்படுத்தும் என்று கருதி, முதலில் சாதாரணத் தாது எண்ணெயை ஊற்றுவோர் பலர். தயாரிப்பாளர் வேறாகக் கூறியிருந்தால் அதுவே கொள்ளத்தக்கது. எண்ணெய் எதுவாயினும், முதல் மாற்றத்தை 500 கிலோமீட்டருக்குள் செய்தல் நலம். இரண்டாவது மாற்றம் சுமார் 1,500-இல்.

கழற்றிய வடிகட்டியை எறிந்துவிடாமல், அறுத்து, மடிப்புக் காகிதத்தை விரித்துப் பார்த்தல் வேண்டும். காந்தத்தில் ஒட்டும் நுண்ணிய இரும்புத்தூள் முதன்முறை இருப்பது இயல்பு. வளையமும் சுவரும் தேய்ந்ததன் அடையாளம் அது. காந்தத்தில் ஒட்டாத பளபளக்கும் செதில்கள் இருப்பின், பேரிங்கோ பிஸ்டனோ கெடுகின்றது என்று அறிந்து, வண்டியை மேலும் ஓட்டாமல் பட்டறைக்குத் திருப்புக. தொழிற்பயிற்சி நிலைய ஆசிரியர்கள் இத்தகைய வடிகட்டிகள் சிலவற்றைச் சேர்த்து வைத்தால், மாணவர்க்கு இதைவிடச் சிறந்த பாடப்பொருள் கிடைப்பது அரிது. கழித்த சிலிண்டர் உறை ஒன்றில் வளையத்தை இட்டு, தலைகீழாகப் பிடித்த பிஸ்டனால் அதை நேராகத் தள்ளி, கீழே விளக்கு வைத்துப் பார்க்கச் செய்யலாம். பழைய உறையில் வளையத்தைச் சுற்றி ஒளி கசியும் இடங்கள் தெரியும்; சுவர் வட்டமாக இல்லை என்பதை மாணவர் கண்ணாலேயே காண்பர். முனை இடைவெளியை ஃபீலர் கேஜினால் அளக்கும் பயிற்சியையும் அதிலேயே கொடுக்கலாம்.

பின்னர்ச் செய்யும் பராமரிப்பு

பழகிய டர்போ யந்திரத்தின் ஆயுளைப் பெரும்பாலும் எண்ணெயும் காற்றும் நிர்ணயிக்கின்றன. நெடுஞ்சாலையில் வேகமாக ஓடி வந்த வண்டியை உணவு விடுதி வாசலில் நிறுத்தி, உடனே சாவியைத் திருப்புவது தவறான பழக்கம். அச்சமயம் டர்போவின் கழிவாயுப் பகுதி பல நூறு டிகிரி வெப்பத்தில் இருக்கும். யந்திரம் நின்றதும் எண்ணெயோட்டம் நின்றுவிடுவதால், பேரிங்கில் தங்கிய எண்ணெய் அந்த வெப்பத்தில் கரியாகிறது. ஒன்று அல்லது இரண்டு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினால் போதும். கடைசிச் சில கிலோமீட்டரை நகர நெரிசலில் மெதுவாகக் கடந்து வந்தவர் அதற்கும் காத்திருக்க வேண்டுவதில்லை. டர்போ வழியிலேயே ஆறிவிட்டிருக்கும். பத்து நிமிடம் ஓடவிட்டுப் பெருமை கொள்வோர் எரிபொருளைத்தான் வீணாக்குகின்றனர்.

தூசு மிகுந்த தொழிற்பேட்டைச் சாலைகளில் ஓடும் வண்டிக்குக் காற்று வடிகட்டியைக் குறித்த காலத்துக்கு முன்னரே பார்க்க வேண்டும். அடைபட்ட வடிகட்டியால் டர்போ மேலும் வேகமாகச் சுழல நேரிடும். வடிகட்டியின் விளிம்பில் கசிவு இருந்தாலோ மணல் நேரே சக்கரத்தின் இதழ்களை அரிக்கும். கரும்புகையும் சக்திக் குறைவும் தோன்றினால் டர்போவைக் குறைகூறுமுன், இன்டர்கூலரின் ரப்பர்க் குழாய்களில் வெடிப்பு உள்ளதா என்று பார்த்தல் வேண்டும். நல்ல டர்போக்கள் பல, ஒரு கிளிப் தளர்ந்த குற்றத்துக்காகக் கழற்றப்பட்டுள்ளன.

எண்ணெய் மாற்றும் காலத்தைக் கிலோமீட்டரால் மட்டும் கணக்கிடுவது பெங்களூரு போன்ற நகரத்துக்குப் பொருந்தாது. நெரிசலில் ஒரு மணி நேரம் ஓடிய யந்திரத்தின் மானி பத்துக் கிலோமீட்டரே காட்டும். எண்ணெயோ ஒரு மணி நேரம் உழைத்திருக்கும். கைப்புத்தகத்தில் கடினமான பயன்பாட்டுக்கெனத் தனியே குறித்த குறுகிய இடைவெளியையே வாடகை வண்டிகள் கைக்கொள்ள வேண்டும். வாரம் ஒருமுறை, சமதளத்தில் வண்டியை நிறுத்தி, எண்ணெய் அளவுக் குச்சியைப் பார்த்து, ஊற்றிய அளவையும் கிலோமீட்டரையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வருதல் நல்லது. வளையங்கள் படியும்போது ஊற்ற வேண்டிய அளவு குறைந்து வந்து, ஏறத்தாழ 2,000 கிலோமீட்டருக்குள் நிலைபெறும். நிலைபெற்ற பின் அது மீண்டும் ஏறத் தொடங்கினால், புகை கண்ணுக்குத் தெரியுமுன்னரே குறிப்பேடு அதைக் காட்டிவிடும்.

2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் நிலை 6 விதிகளின்படி அமைந்த டீசல் வண்டிகளுக்குக் கூடுதலாக ஒரு கவனம் தேவை. அவற்றின் கழிவுக் குழாயில் கரித்துகளைத் தடுக்கும் வடிகட்டி உண்டு. இதனை எண்ணெயின் சாம்பல் அடைத்துவிடும் ஆதலின், சாம்பல் குறைந்த எண்ணெயே ஊற்ற வேண்டும். சேர்ந்த கரியை எரிக்கப் பல யந்திரங்கள் கூடுதல் டீசலைச் சிலிண்டருக்குள் தெளிக்கின்றன. நெரிசலில் அந்த எரிப்பு பாதியில் நின்றுபோனால், எரியாத டீசல் சுவர் வழியே வழிந்து எண்ணெயில் கலக்கும். குச்சியில் எண்ணெயின் அளவு குறையவில்லை, ஏறியே இருக்கிறது என்று மகிழும் ஓட்டுநர் உண்மையில் காண்பது நீர்த்துப்போன எண்ணெயைத்தான். டர்போவின் தண்டைத் தாங்கும் திறன் அதற்கு இல்லை. காலம் வரும்வரை காத்திராமல் அதனை உடனே மாற்றிவிட வேண்டும்.